கிளாரா வீடு எங்கே?

இன்று காலை கடையைத் திறந்து சாம்பிராணிப் புகைகூட அடங்கவில்லை, ஒரு பெண் வந்து நின்றாள். கழுத்தில் நீல நாடா, அதன் நுனியில் அடையாள அட்டை, கையில் சுருட்டிய துணி. ஆணி அடிக்காமல் சுவரில் ஒட்டுகிற கொக்கி இருக்கிறதா என்று கேட்டாள். எவ்வளவு பாரம் தாங்க வேண்டும் என்று கேட்டேன். "இதத்தான் அக்கா மாட்டணும்" என்று சொல்லிவிட்டு, அடுக்கி வைத்திருந்த பெயின்ட் டின்களின் மேலேயே துணியை விரித்தாள்.

வாசனைதான் முதலில் வந்தது. புது மழைக்கோட்டும் அச்சு மையும் கலந்த அந்த நெடி. படத்தை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். வெள்ளைப் புத்தக அலமாரி, நிறம் பிரித்து அடுக்கிய புத்தகங்கள், ஓரத்தில் ஒரு பூந்தொட்டி, பக்கத்தில் வெயில் விழும் ஜன்னல். அந்த ஜன்னலை எனக்கு நன்றாகத் தெரியும். தோட்டத்து லயத்து வரிசையில், உன் ஒற்றை அறைக் காம்பராவில் அதைத் தவிர வேறு ஜன்னல் இருந்ததில்லை.

கம்பெனிக்காரர்கள் படத்தைக்கூட மாற்றவில்லை, பார்.

கல்லாவில் இருந்த அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு, கொக்கியை எடுத்துக் கொடும்மா என்று மெதுவாகச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். போகிறதற்கு முன் அவளிடம் ஒரு கேள்வி கேட்டேன். அவள் சொன்ன பதிலைக் காலையிலிருந்து யாரிடமும் சொல்லவில்லை. கடையில் இரும்புச் சாமான் வாங்க வருகிறவர்களிடம் சொல்லக்கூடிய விஷயமில்லை. உன்னிடம்தான் சொல்ல வேண்டும். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கே கோர்வையாக வரும்.

பதுளை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, புடவைக் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் நம் அலுவலகம். படியேறும்போதே புதுச் சேலையின் கஞ்சி வாடை வரும். தொழில்நுட்ப நிறுவனம் என்று வாசலில் பெரிதாக எழுதியிருந்தார்கள். நம் தொழில்நுட்பம் என்னவென்றால், ஆஸ்திரேலியாவில் ஏதோ ஒரு ஹோட்டல்காரர் மறந்துபோன பாஸ்வேர்டை நாம் பதுளையில் உட்கார்ந்து மாற்றிக் கொடுப்பது. அவர்களுடைய காலைக்கு நாம் இங்கே இருட்டோடு எழுந்திருக்க வேண்டும்.

முதல் நாள் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். உள்ளே மடித்த சீட்டுகள். நம் பெயர்கள் வெள்ளைக்காரர்களின் வாயில் நுழையாதாம். அதனால் ஆளுக்கொரு சீட்டு எடுக்க வேண்டும், அதில் இருக்கிற பெயர்தான் இனி நமக்கு. எடுத்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு ஜூலி வந்தது. உனக்குக் கிளாரா. நான் என் சீட்டைக் கசக்கிப் பையில் போட்டேன். நீ உன்னுடையதை நீவி மடித்து, அடையாள அட்டைக்குப் பின்னால் செருகி வைத்தாய். அன்றுதான் உன்னை முதன்முதலில் பார்க்கிறேன். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவள், எண்ணெய் வைத்து இறுக்கப் பின்னிய சடை, வாயெல்லாம் சிரிப்பு.

"வீட்ல வச்ச பேருக்கு என்ன கொறச்சல்?" என்று கேட்டேன்.

"அது வீட்ல இருக்கும்க்கா. எங்க போயிரப் போவுது?" என்றாய்.

யாராவது ஜூலி என்று கூப்பிட்டால் நான் எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் திரும்புவேன். நீ அப்படியில்லை. கிளாரா என்ற சத்தம் கேட்ட உடனே எழுந்து நிற்பாய்.

தினமும் வேலை தொடங்குமுன் ஹடில். எல்லாரும் வட்டமாக நின்று, நேற்று எத்தனை பேருக்குப் பதில் சொன்னோம், எத்தனை பேர் நமக்கு நல்ல மதிப்பெண் போட்டார்கள் என்று ஒப்பிக்க வேண்டும். அதோடு, நன்றி சொல்ல ஒரு விஷயமும் சொல்ல வேண்டும். முதல் வாரத்திலேயே நீ என் காதோரம் வந்து, இது எங்கள் தோட்டத்துப் பெரட்டுதான் என்றாய். தோட்டத்தில் விடிகாலையில் எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, இன்றைக்கு எந்த மலையில் கொழுந்து என்று பிரித்து அனுப்புவார்களே, அது. "அங்க கங்காணி நன்றி சொல்லச் சொல்ல மாட்டாரு. அம்புட்டுதான் வித்தியாசம்" என்றாய். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். குழுத் தலைவன் மார்க் திரும்பிப் பார்த்து, அந்த ஜோக்கை எல்லாருக்கும் சொல்லுங்களேன் என்றான். நீ கொஞ்சமும் அசரவில்லை. இந்தக் குடும்பத்துக்கு நன்றி சொல்கிறேன் என்று சொல்லிக் கைதட்டு வாங்கிவிட்டாய். சமாளித்துவிட்டாய் என்று நினைத்தேன். நீ மனதாரத்தான் சொன்னாய் என்பது எனக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று.

குடும்பம். அந்த வார்த்தையை எத்தனை விதமாகச் சொன்னார்கள்! கொழும்பிலிருந்து திரையில் வருகிற பெரியவர் ஊழியர்கள் என்று ஒருநாளும் சொன்னதில்லை. குடும்ப உறுப்பினர்கள் என்பார். சுவர் முழுக்க நம் படங்கள், மேலே குடும்பம் என்று வளைத்து எழுதியிருந்தது. எனக்குக் குடும்பம் என்றால் என்னவென்று தெரியும். அப்பாவும் சித்தப்பாவும் ஒரே கடையில், ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு பேச்சுவார்த்தை இல்லாமல் வருஷக்கணக்காக வியாபாரம் செய்தவர்கள். யாராவது குடும்பம் என்று வாயெடுத்தால் கையில் இருப்பதை இறுக்கிப் பிடித்துக்கொள்கிற பழக்கம் எனக்கு. இதை உன்னிடம் சொன்னபோது, பொழுதுபோகாமல் வேலைக்கு வந்தவர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று என்னைக் கேலி செய்தாய்.

கேலிதான். ஆனால் அதில் விஷயம் இருந்தது. அந்தச் சக்கர நாற்காலியில் நீ முதல்முறை உட்கார்ந்ததை நான் பார்த்தேன். கைப்பிடியைத் தடவிப் பார்த்தாய், ஒரு சுற்றுச் சுற்றினாய். பிறகு, அம்மா வேலை செய்கிற இடத்தில் உட்காரவே இடம் கிடையாது என்று சும்மா சொல்வதுபோலச் சொன்னாய். உன்னைப் பார்த்து, உன் கருத்து என்ன என்று யாரும் அதுவரை கேட்டதில்லை. இங்கே வாரத்துக்கொருமுறை படிவம் அனுப்பிக் கேட்டார்கள். அதை யாரும் படிப்பதில்லை என்று நான் சொல்வேன். நீ கேட்கவே மாட்டாய், ஒவ்வொரு கேள்விக்கும் யோசித்து யோசித்துப் பதில் எழுதுவாய்.

உனக்கு ஒரே ஒரு கணக்குத்தான் இருந்தது. குழுத் தலைவி ஆக வேண்டும். ஆகிவிட்டால் அம்மாவைப் பெரட்டுக்குப் போகவிடாமல் நிறுத்திவிடலாம். மழையில் நனைந்து, அட்டைக்கடி பட்டு, மூட்டு வீங்கிப்போய் அவர் ஏறிய மலை போதும். இதை நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! டீ குடிக்கும்போது சொல்வாய், பஸ்ஸுக்கு நிற்கும்போது சொல்வாய். உன் நினைப்பில் அம்மா ஏற்கெனவே வேலையை விட்டுவிட்டு இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து டிவி பார்க்கத் தொடங்கிவிட்டார்.

பிறகு ஒருநாள், அன்புக்குரியவர்களோடு இருந்துகொண்டே வேலை பாருங்கள் என்று அறிவித்தார்கள். அலுவலகத்தில் பாதி இடத்தை வேறு யாருக்கோ வாடகைக்குக் கொடுத்துவிட்டார்கள் என்பது அறிவிப்பில் இல்லை. டவுனில் இருக்கிறவர்கள் அலுவலகத்துக்கு வரலாம், தூரத்துத் தோட்டப் பிள்ளைகள் வீட்டுக்குப் போகலாம். ஷிஃப்ட் முடியும்வரை கேமரா திறந்தே இருக்க வேண்டும். உங்கள் சுவர் எப்படி இருக்குமோ என்று கம்பெனி கவலைப்பட்டுக் கொடுத்ததுதான் அந்தத் துணி. ஆளுக்கொரு அலமாரி, ஆளுக்கொரு ஜன்னல்.

ஒருதடவை உன்னைப் பார்க்க பஸ் ஏறி வந்தேனே. பாதை போட்ட குலுக்கலில் இடுப்பு கழன்றுபோய் இறங்கினேன். உன் காம்பராவின் பின்சுவரை மறைத்து அந்தத் துணி தொங்கியது. புகை படிந்த சுவரும், சட்டி பானைகளும், சாமி படங்களும் அதற்குப் பின்னால். ஷிஃப்ட் முடிந்ததும் உன் அம்மா துணியின் ஓரத்தைத் தூக்கிக்கொண்டு விளக்கு ஏற்றுவார் என்றாய். என்னைக் கேமராவில் படாத ஒரு மூலையில் உட்கார வைத்து, அசையக் கூடாது என்று கையைக் காட்டினாய். அப்போதுதான் அலமாரிக்குப் பின்னாலிருந்து உங்கள் சேவல் கூவியது. அந்தப் பக்கம் பேசிக்கொண்டிருந்த ஹோட்டல்கார அம்மா என்ன சத்தம் என்று கேட்க, நீ போனின் மணிச்சத்தம் என்று சொல்லிவிட்டாய். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. மறுநாள் மார்க்கிடமிருந்து உனக்குப் பின்னணி ஒழுக்கம் என்ற தலைப்பில் மெயில். அதற்குப் பிறகு சேவலை ஷிஃப்ட் முடியும்வரை பக்கத்து லயத்தில் கட்டிப்போட்டீர்கள்.

அன்று நான் சிரிக்காத ஒன்றும் இருந்தது. உன் அம்மா எனக்குப் பிளேன்டீ கொண்டுவந்தார். கொண்டுவந்தவர் இடுப்பை மடித்து, தலையைத் தாழ்த்தி, ஏறத்தாழத் தவழ்ந்தபடி வந்தார். முதுகுவலியோ என்று பதறி எழுந்தேன். என் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

"நிமுந்தா கம்பெனிக்குத் தெரிஞ்சிரும் புள்ள" என்று குசுகுசுத்தார்.

தன் சொந்தக் காம்பராவுக்குள் அந்த மனுஷி குனிந்தே நடக்கப் பழகியிருந்தார். உனக்கும் அது பழகிவிட்டது. அந்தப் பிளேன்டீயைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டேன்.

அடுத்து வந்ததுதான் விடுப்பில்லாத மாதம். ஒரு குழுவில் யாருமே ஒருநாள்கூட விடுப்பு எடுக்காமல் மாதத்தை முடித்தால், அந்தக் குழுவுக்குப் பீட்சா விருந்து, சுவரில் பெயர், அடுத்த தலைவர் அந்தக் குழுவிலிருந்து. ஒருவர் எடுத்தாலும் எல்லாருக்கும் இல்லை. எவ்வளவு சாமர்த்தியம் பார். கண்காணிக்கத் தனியாக ஆள் வைக்கத் தேவையில்லை, ஒருவருக்கொருவர் நாமே கங்காணி ஆகிவிட்டோம். வயிற்றுவலிக்காரனை மற்றவர்களே முறைத்தார்கள். தங்கையின் பூப்புனித நீராட்டுக்கு ஒருத்தி போகாமல் இருந்தாள்.

நம் குழு கடைசி வாரத்தைத் தொட்டபோது உனக்குக் காய்ச்சல். திரையில் உன் சின்னக் கட்டத்தைப் பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. சால்வையைப் போர்த்தியிருந்தாய், என்றைக்கும் இல்லாமல் உதட்டுச் சாயம் பூசியிருந்தாய். கண் இரண்டும் சிவந்து உள்ளே போயிருந்தன. நீயே ஹடிலில், கொஞ்சம் காய்ச்சல்தான், சமாளிப்பேன் என்றாய். உடனே எல்லாரும் பூப்படம் அனுப்பினார்கள். மார்க் உன் படத்துக்குக் கிரீடம் வைத்து, போராளி கிளாரா என்று எழுதிக் குழுவில் போட்டான். நீ அதற்கு இதயப் படம் அனுப்பினாய்.

நான் படிக்கட்டுக்கு வந்து உனக்குப் போன் எடுத்தேன். விடுப்புப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ என்றேன். ஊரெல்லாம் டெங்கு, விளையாடாதே என்றேன். மாதம் முடியக் கொஞ்ச நாள்தான் இருக்கிறது, நான் ஒருத்தி போட்டால் எல்லாருக்கும் போய்விடும் என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னாய். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"ஒரு பீட்சாவுக்காகச் சாகப் போறியா நீ?"



"ஒங்களுக்குக் கடை இருக்குக்கா. எனக்கு இது மட்டுந்தான் இருக்கு" என்றாய். வைத்துவிட்டாய். பிறகு நான் எடுத்த எந்த அழைப்புக்கும் நீ பதில் சொல்லவில்லை.

எனக்கு உன்மேல் இன்னும் கோபம் இருக்கிறது. செத்தவர்களிடம் கோபப்படக் கூடாது என்பார்கள், நான் படுகிறேன். நீ கெட்டிக்காரி. ஹடிலைப் பெரட்டு என்று ஒரே வாரத்தில் கண்டுபிடித்தவள். அப்படிப்பட்டவள் அவர்கள் சொன்னதையெல்லாம் எப்படி நம்பினாய்? நம்பாமல் உன்னால் காலையில் எழுந்திருக்க முடியாது என்று இப்போது தோன்றுகிறது. ஆனாலும் கோபம் போகவில்லை.

அன்று காலை ஹடிலில் உன் கட்டத்தில் அலமாரி மட்டும் இருந்தது. புத்தகங்கள், பூந்தொட்டி, ஜன்னல். தண்ணீர் குடிக்கப் போயிருப்பாய் என்று எல்லாரும் நினைத்தார்கள். கிளாரா, கேமராவுக்கு முன்னால் வாருங்கள் என்று மார்க் கூப்பிட்டான். மறுபடியும் கூப்பிட்டான். பிறகு அடுத்த ஆளின் மதிப்பெண்ணுக்குப் போய்விட்டான். நீ நாற்காலியிலிருந்து சரிந்து, அந்தத் துணியின் அடிவாரத்தில் கிடந்திருக்கிறாய். உன் அம்மா அந்த நேரத்தில் நிஜமான பெரட்டில் நின்றுகொண்டிருந்தார். நான் கேபினை விட்டு ஓடி, உன் அம்மா கொடுத்திருந்த பக்கத்து வீட்டு நம்பருக்கு அடித்தேன். அவர்கள் வந்து பார்த்துத் தோட்டத்து லொறியில் ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒருமுறைதான் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். தலையைத் தடவினேன். சண்டையெல்லாம் உனக்கு ஞாபகமே இல்லாததுபோல என் கையைப் பிடித்துக்கொண்டாய். ஏதோ சொல்ல வந்தாய், குனிந்து காதைக் கொடுத்தேன்.

"கரண்டு போயிருச்சுன்னு சொல்லிருங்கக்கா. லீவுன்னு போட்ற போறாங்க."

சொல்கிறேன் என்றேன். வெளியே வந்து மார்க்குக்கு, அவள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், கரண்ட் போய்விட்டது என்று சொல்லச் சொன்னாள் என்று சொன்னேன். இப்படிக்கூடவா ஒரு பெண்ணை ஆக்கிவைத்திருக்கிறீர்கள் என்று அவனுக்கு உறைக்கட்டும் என்றுதான் சொன்னேன். சரி, பார்த்துக்கொள்கிறேன் என்றான் அவன். இன்னும் கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருக்கலாம் என்று டாக்டர் உன் அம்மாவிடம் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன்.

உன் சாவு வீட்டுக்கு நான் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டேன். அன்றைக்குத் தோட்டத்தில் உங்கள் பிரிவில், அந்த டிவிசனில், ஒருத்தரும் கொழுந்துக்குப் போகவில்லை. யாரும் யாரிடமும் அனுமதி கேட்டதாகத் தெரியவில்லை. காலையில் பெரட்டுக்கு வந்தவர்கள் அப்படியே உன் வாசலுக்கு வந்து உட்கார்ந்தார்கள். கங்காணியும் வந்து பந்தலுக்குக் கம்பு நட்டார். அங்கே எந்தச் சுவரிலும் குடும்பம் என்று எழுதியிருக்கவில்லை. அம்புட்டுதான் வித்தியாசம் என்று நீ சொன்னது தப்பு, நாம் சிரித்ததும் தப்பு.

தப்புப் பறை முழங்க உன்னைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் போனார்கள். பெண்கள் நாங்கள் வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் கம்பெனி வேன் வந்தது. காலையிலேயே புறப்பட்டவர்கள்தான். ஏன் இவ்வளவு நேரம் என்று டிரைவரைக் கேட்டேன். சொல்ல அவனுக்கே கூச்சமாக இருந்தது.

சந்தியில் நின்று, கிளாரா வீடு எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். கம்பியூட்டர் வேலை பார்க்கிற கிளாரா, செத்துப்போன கிளாரா. யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒருவர், சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர் லயத்தில் ஒரு கிளாரா உண்டு என்று அடுத்த டிவிசனுக்குக் கைகாட்டிவிட்டார். மார்க்கும் மற்றவர்களும் மலர்வளையத்தைத் தூக்கிக்கொண்டு, கறுப்பு உடுப்போடு, அந்த வாசலுக்குப் போயிருக்கிறார்கள். இஸ்தோப்பில் ஒரு வயதான அம்மா வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாராம். யாருக்கு வளையம் என்று அவர் கேட்க, கிளாராவுக்கு என்று மார்க் தலையைக் குனிந்து சொன்னானாம்.

"நாந்தானப்பா கிளாரா" என்றாராம் அந்த அம்மா.

அவர் துரத்திய துரத்தலில் வேன் ஏறிய பிறகும் ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறார்கள். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள், உன் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டியவர்கள், உனக்குக் கிரீடம் வைத்தவன். உன் பெயர் அவர்களில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. எனக்குப் போன் அடித்திருக்கிறார்கள், என் போன் சார்ஜ் தீர்ந்து பைக்குள் கிடந்தது. சம்பளம் போடுகிற கொழும்பு அலுவலகத்துக்குத் தெரிந்திருக்கும், ஆனால் அன்று அங்கே யாரும் போனை எடுக்கவில்லை.

வந்தவர்கள் பந்தல் கம்பில் பதாகை கட்டினார்கள். உன் சிரித்த படம், கீழே பெரிய எழுத்து. உன் அம்மா ஈரக்கையோடு வந்து அதன் முன்னால் நின்று, எழுத்துக் கூட்டிப் படித்தார். கி, ளா, ரா. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"படம் நம்ம புள்ளயோடது. இது யாரு பேரு, புள்ள?"

மார்க்கைத் தனியாகக் கூப்பிட்டு, அவள் பெயர் தெரியுமா உனக்கு என்று கேட்டேன். சிஸ்டத்தில் கிளாரா என்றுதானே இருக்கிறது என்றான். உன் பெயர் என்ன என்று கேட்டேன். பூனாகலைத் தோட்டத்துப் பையன் அவனும், அவன் அம்மாவும் கொழுந்து பறித்தவர்தான். மெதுவாகத் தன் பெயரைச் சொன்னான். நல்ல பெயர், முருகனுடையது. சொல்லிவிட்டு, தயங்கித் தயங்கி, இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், லாப்டாப்பையும் ஹெட்செட்டையும் கார்டையும் எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறார்கள் என்றான். எடுத்துப் போனார்கள். நாற்காலியையும். துணியை மட்டும் யாரும் கேட்கவில்லை.

மாதம் முடிந்ததும் அலுவலகத்துக்குப் பீட்சா வந்தது. எனக்குப் புரியவில்லை. நம் குழுவில்தான் ஒருத்தி இல்லாமல் போய்விட்டாளே. மார்க் தலை நிமிராமல் விளக்கினான். உன் கடைசி நாட்களுக்கு இணைப்புக் கோளாறு என்று பதிந்திருக்கிறார்கள். கரண்ட் போனது விடுப்புக் கணக்கில் வராதாம். நீ சொல்லச் சொன்னதை நான் சொன்னேன், நான் சொன்னதை அவர்கள் எழுதிக்கொண்டார்கள். கொழும்புப் பெரியவர் திரையில் தோன்றி, கிளாரா இருந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பாள் என்றார். அவர் சொன்னது உண்மையாகக்கூட இருக்கலாம், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. கழுத்திலிருந்த கார்டைக் கழற்றி, திறந்து வைத்திருந்த பீட்சாவின் மேலேயே போட்டுவிட்டுப் படியிறங்கினேன். ஜூலி, ஜூலி என்று யாரோ கூப்பிட்டார்கள். அன்று தாமதமாகக்கூடத் திரும்பவில்லை.

எனக்குக் கடை இருந்தது. நீ சொன்னது சரிதான்.

உன் அம்மா இன்னமும் பெரட்டுக்குப் போகிறார். அந்தத் துணியை வெளியே விறகு நனையாமல் மூடிப் போட்டிருக்கிறார். வெயிலிலும் மழையிலும் புத்தகங்கள் வெளுத்துவிட்டன, ஜன்னல் மட்டும் இன்னும் பளிச்சென்று இருக்கிறது. காம்பராவுக்குள் நிமிர்ந்து நடக்கிறாரா என்று பார்த்தேன். நடக்கிறார். துணி இருந்த பக்கம் வரும்போது மட்டும் அவரையறியாமல் தலை கொஞ்சம் தாழ்கிறது.

இப்போது காலையில் வந்த பெண். உன் பேர் என்னம்மா என்றுதான் கேட்டேன். அவள் பெருமையாக அட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

"கிளாராக்கா. நேத்துத்தான் சீட்டு எடுத்தேன்."

பெயரைத் திரும்பக் கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டுவிட்டார்கள். உன் கார்டுக்குப் பின்னால் நீ நீவி மடித்து வைத்தாயே, அந்தச் சீட்டைத்தான் எடுத்துப் போட்டார்களோ என்னவோ. சீட்டுக்கூடப் புதிதாக எழுதியிருக்க மாட்டார்கள். நான் பிடித்திருந்த பிடியில் கொக்கிப் பெட்டி நசுங்கிவிட்டது.

வீட்டில் கூப்பிடுகிற பெயர் என்ன என்று கேட்டேன். கடையில் வேறு யாரும் இல்லை, ஆனாலும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னாள். எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எந்த லயம் என்று கேட்டேன். அதையும் சொல்லிவிட்டு, எதற்கு அக்கா என்று சிரித்தாள். கொக்கி நிற்கவில்லை என்றால் ஆள் அனுப்பத்தான் என்றேன். காய்ச்சல் கீய்ச்சல் வந்தால் விடுப்புப் போடும்மா என்றும் சொன்னேன். பைத்தியமோ என்று நினைத்திருப்பாள். நீல நாடாவோடு யார் கடைக்கு வந்தாலும் இப்படித்தான் கேட்கிறேன். அப்பா கண்டுகொள்வதில்லை. நாளைக்கு ஏதாவது ஒரு சந்தியில் ஒரு வேன் நின்று இல்லாத பெயரைச் சொல்லி வழி கேட்டால், எந்த வீடு என்று சொல்வதற்கு டவுனில் ஒருத்தியாவது இருக்க வேண்டாமா?

உன் பெயரை இதில் எங்கேயும் எழுதவில்லை, கவனித்தாயா? அது வீட்டில் இருக்கும், எங்கே போய்விடப் போகிறது என்றாய். போன மாதம் உன் அம்மா மண்வெட்டிப் பிடி வாங்கக் கடைக்கு வந்திருந்தார். நான் உள்ளே சாமான் அடுக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்றபடி, வாய்தவறி, உன் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். நான் உடனே திரும்பி, என்னம்மா என்றேன்.